வெள்ளைகொக்கு பல்பொடியில் விழுந்த க்

சுசீந்திரம்,
28-8-1953

கொல்லத்தில் ஆர்டர் பிடித்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை தாணப்பனுக்கு, மாமனார் ஆறுமுகப்பெருமாள் மிகுந்த தயக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு மகள் அழகியநாயகியும் குழந்தைகளும் சுகம். என் சுகத்தைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

நமது பல்பொடியின் பெயரையும் ஒற்றைக்கால் கொக்குப் படத்தையும் வேறெவரும் எடுத்தாளாதபடி டிரேட் மார்க் பதிவு செய்யச் சொல்லி, கையெழுத்திட்ட இரண்டு தாள்களை என்னிடம் ஒப்படைத்துச் சென்றீர்கள். முப்பத்தொரு வருடம் பள்ளியில் தமிழ் முன்ஷியாக இருந்தவர், தப்பு வராது என்று நம்பினீர்கள். இலக்கணத் தப்பு ஒன்றும் வரவில்லை, விபரீதம் அதனால்தான். 'வெள்ளைகொக்கு' என்று எழுதும்போது நடுவில் ஒரு க் போட்டுவிட்டேன். கை தவறியது என்றால் பொய். எட்டு வருடமாக உங்கள் டப்பாவைத் திறக்கும் போதெல்லாம் அந்த இடத்தில் என் கண் இடறும். மாப்பிள்ளையிடம் சொல்ல வாய் வராது. பல்பொடியைப் பற்பொடி ஆக்கவில்லை, அவ்வளவு துணிச்சல் எனக்கு இல்லை. பிறகு, மனுவும் லேபிளும் ஒத்திருக்க வேண்டுமே என்று ஒவ்வொரு லேபிளிலும் சிவப்பு மையால் க் எழுதி ஒட்டி, பம்பாய்க்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

திங்கட்கிழமை வடசேரிச் சந்தைக்கு வாழைக்காய் வாங்கப் போனால், சுடலையாண்டி கடையில் அதே கொக்கு, அலகில் மட்டும் ஒரு மீனோடு, டப்பா டப்பாவாக நிற்கிறது. பெயர் 'வெள்ளைக்கொக்கு.' க் அச்சிலேயே இருக்கிறது. அவன் என் பழைய மாணாக்கன். போன வருடம் பஸ் நிலையத்தில் என்னை நிறுத்தி, க் வருமா வராதா என்று கேட்டான். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஒருவன் தானாக வந்து இலக்கணச் சந்தேகம் கேட்ட சந்தோஷத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு அரைமணி நேரம் விதியை விளக்கினேன். இப்போது, பதிவுக்கு எழுதியாயிற்று, இனி நீ விற்கலாகாது என்று மெல்லச் சொன்னேன். எந்தப் பெயரில் என்றான். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

“சாரே, அது எங்க பேராக்கும். உங்க மருமவன் டப்பாவுல க் எங்க கெடக்கு? நாங்கதான் இந்தப் பேர்ல விக்கியோம்ணு ஒரு எதிர்மனு போட்டாப் போரும்.” பிறகு ஒரு டப்பாவை என் பையில் போட்டு, “தட்சிணை, வச்சுக்கிடுங்கோ,” என்றான். நான் வாங்கிக்கொண்டேன், மாப்பிள்ளை. அதையும் மறைக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது அழகியநாயகி அடுப்பிலிருந்து தலை தூக்காமல், “யப்பா, கொக்குக்கு ஒரு எழுத்தக் கூட்டிக் குடுத்துட்டிய. எங்க சோத்துக்கு என்ன குடுப்பிய?” என்றாள். நான் அன்று சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

ஆனால் கவலை வேண்டாம். மீதமிருந்த கையெழுத்துத் தாளில் திருத்த மனு எழுதி, மூன்று முறை படித்துப் பார்த்து, இன்று காலை அனுப்பிவிட்டேன். சிவப்பு மைப்புட்டியைக் கிணற்றடியில் கவிழ்த்தாயிற்று. இனிப் பிறர் எழுத்தில் கை வைக்க மாட்டேன். தாணுமாலயன் அருளால் ஆர்டர்கள் பெருகட்டும். கொல்லத்தில் மழையாமே, தலை நனையாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
முகம் காட்டத் துணியாத மாமனார்
ஆறுமுகப்பெருமாள்

பி.கு.: திருத்த மனுவின் நகலை இப்போதுதான் கோப்பில் சேர்த்தேன். 'வெள்ளைக்கொக்கு என்பதை வெள்ளைக்கொக்கு என்று திருத்திக்கொள்ளவும்' என்று இருக்கிறது. தயவுசெய்து இன்னொரு தாளில் கையெழுத்திட்டு அனுப்பவும். அழகியநாயகி எழுதட்டும். மூன்றாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவன் நான். அவள் எழுதினால் க் வராது.