குரோசுக்கு நூற்றைம்பது

“ஏம்மா, வரி போடாமல் ஒரு ராஜ்யத்தை நடத்த முடியுமா?” என்று சென்னையிலிருந்து வந்த ஓர் அதிகாரி ஒருமுறை என்னிடம் கேட்டார்.

உலகத்து மேதைகள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது. விடை லண்டனில் கிடைக்கவில்லை. டெல்லியில் கிடைக்கவில்லை. 1961ஆம் வருஷம் தை மாதம், காலை பதினொரு மணிக்கு, ஆமத்தூரில் எங்கள் வீட்டு முன்கட்டில், ஈரம் காயாத தீப்பெட்டிகளுக்கு நடுவே கிடைத்தது. சொன்னவள் நான். இந்த ராஜ்யத்தின் பொற்காலத்துக்கு ஒரு தாய் உண்டென்றால் அது பதினான்கு வயது வெள்ளைத்தாய்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வந்தவர் பெயர் லட்சுமிகாந்தம். பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்திருந்தது. தேர்தல் அடுத்த வருஷம். ஆகவே வரியை ஏற்றாமல், சலுகையைக் குறைக்காமல் அந்தத் துண்டை நிரப்ப அவரைச் ‘சிறப்பு அதிகாரி’யாக நியமித்திருந்தார்கள். சிக்கனத்துக்குப் பேர்போன சீமை என்று எங்கள் பக்கம் ஜீப்பில் கிளம்பி வந்தார். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப், சிக்கனம் பற்றிய கோப்புகளுக்குத் தனியாக ஒரு ஜீப்.

சிவகாசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி அவரிடம் சொல்லியிருக்கிறார்: “நம்ம ஏஜெண்டு மாரிசாமியைப் போய்ப் பாருங்க. நாலு வருஷமாக் கூலியை ஒரு காசு ஏத்தலை, ஒரு காசு குறைக்கலை. லாபம் மட்டும் வருஷாவருஷம் கூடுது. எப்படின்னு எனக்கே தெரியலை.”

அந்த மாரிசாமி என் அப்பா. கம்பெனி கொடுக்கும் மரச்சீவலையும் நீலக் காகிதத்தையும் வீடு வீடாகக் கொடுப்பார். பெண்கள் பெட்டி ஒட்டிக் கொண்டுவருவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. குரோஸ் என்றால் நூற்று நாற்பத்துநான்கு. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியபின் எண்ணி வாங்குவது என் உத்தியோகம். ஊரில் ஒன்பதாம் வகுப்பு கிடையாது. ஒன்பது படிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையும் கிடையாது. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதிகாரி உள்ளே வந்தபோது, ஒட்டிய பெட்டிகளைக் கொண்டுவந்திருந்த மூக்கம்மாள் அக்கா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏ பிள்ள, நூத்தி நாப்பத்திநாலுன்னு எழுதுற, நூத்தம்பதுல்ல எண்ணி வாங்குற? மிச்சம் ஆறு பெட்டி யாரு வீட்டுச் சீருக்கு?”

“அது கழிவு, மூக்கம்மா. பசை விட்டுப்போகும், ஓரம் கிழியும்” என்றார் அப்பா.

“என் பெட்டி எங்கன கிழிஞ்சிருக்கு? காட்டுங்க பாப்போம்.”

“இன்னைக்குக் கிழியலை. நாளைக்குக் கிழிஞ்சா?”

“நாளைக்குக் கிழிஞ்சா நாளைக்கு ஒட்டித் தாரேன்.”

“பாத்தீகளாய்யா, என்ன பேச்சுப் பேசுறான்னு” என்று அப்பா அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். “வாங்க, உக்காருங்க. மோர் குடிக்கீகளா?”

அதிகாரி மோர் குடித்தார். குடித்துவிட்டுத்தான், கதவுக்குப் பின்னால் ஒதுங்கிய என்னிடம், சும்மா ஒரு பேச்சுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்கு அந்நியர் முன்னால் நாக்கு எழாது. ஆனால் கையில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

“எங்கப்பா நடத்துறாகளே... குரோசுக்கு நூத்தம்பது” என்றேன்.

அதிகாரியின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. கழிவு என்றால் என்ன, யார் முடிவு செய்வது, யாராவது கோர்ட்டுக்குப் போனதுண்டா என்று அரை மணி நேரம் விசாரித்தார்.

“கோர்ட்டா? ஆறு பெட்டிக்கு எந்த வக்கீல்யா வருவாக?” என்றார் அப்பா.

“அற்புதம்” என்றார் அதிகாரி. “வரியும் இல்லை. வெட்டும் இல்லை. அளவு மட்டும் சற்றே ‘தாராளம்’.”

அவர் ஜீப்பில் ஏறும்போது எங்கள் பள்ளிக்கூடத்துப் பஞ்சம்மாள் டீச்சர் ஓடிவந்து மறித்தார். “ஐயா, இங்கன ஒரு ஒன்பதாம் வகுப்பு திறந்து குடுங்க. பதினோரு பிள்ளைக எட்டோட நின்னு பசைக் கிண்ணத்தைக் கட்டிக்கிட்டு அழுதுக. இந்தா, இந்த வெள்ளைத்தாயி இருக்காளே, கணக்குல நூத்துக்குத் தொண்ணூறு.”

“குறித்துக்கொண்டேன்” என்றார் அதிகாரி. உண்மையிலேயே குறித்துக்கொண்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாசியில் பட்ஜெட் வந்தது. துண்டும் இல்லை, வரியும் இல்லை. பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. சித்திரையிலிருந்து அதன் மகிமை ஊருக்குள் வந்து இறங்கியது.

முதலாவதாக, அரசு ஊழியர்களின் மாதம் முப்பத்துமூன்று நாள் ஆயிற்று. சம்பளத்தில் ஒரு பைசா குறையவில்லை. மாதம்தான் கொஞ்சம் நிறைவாக வந்தது. அப்படிப் பதினொரு மாதம் போக மிஞ்சிய இரண்டு நாளை ஊழியர்கள் அரசுக்கு ‘மனமுவந்து’ அன்பளித்தார்கள். அன்பளிக்காதவர்களின் பட்டியல் தாலுகா ஆபீசில் ஒட்டப்பட்டது.

அடுத்தது ரோடு. எங்கள் ஊரிலிருந்து விருதுநகர் ஆறு மைல். மைலின் நீளத்தை மட்டும் குறைத்துத் திருத்தியதால் அது ஒன்பது மைல் ஆகிவிட்டது. ஒரு கூடை ஜல்லி கொட்டாமல் மூன்று மைல் புது ரோடு! மைல்கல்லைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டதுதான் வேலை. பஸ் கண்டக்டர் ஒன்பது மைலுக்கு டிக்கெட் கிழித்தார்.

“ஏலே, வரி இல்லைன்னு சொன்னாகளேலே?” என்று ஒரு பெரியவர் சண்டைக்குப் போனார்.

“இது வரி இல்லை தாத்தா, தூரம்” என்றார் கண்டக்டர்.

டீச்சர் மட்டும் அரசாங்கத்தை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. விருதுநகரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பேசி, ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஓர் இடமும் விடுதியில் இலவசச் சாப்பாடும் ஏற்பாடு செய்தார். விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பி அப்பாவிடம் நீட்டினார்.

“ஜூன்ல சேக்கணும். பெட்டி எண்ண வேற ஆளா கிடைக்காது?”

பட்ஜெட்டைப் பெற்றெடுத்த வீடு என்ற பெருமையில் அப்பா அப்போது இளகியிருந்தார். “சரி டீச்சர், படிக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டார். நான் உள்ளே போய் அரிசிப் பானைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் விழா. பந்தல், மாலை, மைக். மைக்கில் லட்சுமிகாந்தம் முழங்கினார்:

“ஒரு செங்கல் வைக்காமல், ஓர் ஆசிரியரை நியமிக்காமல், ஒரு பைசா வரி போடாமல், இந்த ஊரில் ஒன்பதாம் வகுப்பைத் திறந்துவிட்டோம்! எட்டு வருஷப் படிப்பை ஒன்பது வருஷமாகக் கணக்கிட அரசு ஆணையிட்டுவிட்டது. எட்டில் தேறியவர்கள் அனைவரும் ஒன்பதில் தேறியவர்களே!”

என்னை மேடைக்கு அழைத்தார்கள். ‘ஒன்பதாம் வகுப்பில் முதலிடம்’ என்று சான்றிதழ். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. அந்த நான்கு மதிப்பெண் அரசின் அன்பளிப்பு.

டீச்சர் மேடைக்கே ஏறிவிட்டார். “ஐயா, இந்தப் பிள்ள ஒன்பது படிக்கவே இல்லையே!”

“படித்ததாகச் சான்றிதழ் சொல்கிறதே. அரசின் முத்திரை பொய் சொல்லுமா?”

“அப்ப விருதுநகர்ல ஒன்பதுல சேத்துக்கிருவாகளா?”

“தேறிய வகுப்பில் மறுபடியும் எப்படிச் சேர்ப்பார்கள்? ஒரே பிள்ளைக்கு இரண்டு ஒன்பதாம் வகுப்பா? வீண்செலவு அம்மா.”

“சரி, பத்துல?”

“தாராளமாக. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் ஒரு சின்னப் பரீட்சை வைப்பார்கள். படித்தவளுக்கு அது என்ன பிரமாதம்?”

பந்தலில் கைதட்டல். அப்பா எழுந்து நின்று தட்டினார். “ஒம்பது பாஸ் பண்ணிட்டியே தாயி! இனி எதுக்கு விருதுநகரு? வா, லோடு ஏத்த வண்டி வந்து நிக்கி.”

அதிகாரி என் தோளில் கைவைத்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். “பெரியோர்களே! இந்தத் திட்டம் என் மூளையில் உதித்ததல்ல. இதோ, இந்த அடக்கமான சிறுமி, ‘குரோசுக்கு நூற்றைம்பது’ என்று ஒரே வரியில் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்!”

மூக்கம்மாள் அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். அவள் கைதட்டவில்லை. நான் என் கையில் இருந்த சான்றிதழைப் பார்த்தேன். ஒரு வருஷமாக ஒவ்வொரு நாளும் நான் எண்ணி எடுத்துக்கொண்ட பெட்டிகளைப் போலவே அதுவும் நன்றாக ஒட்டப்பட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தது.

டீச்சர் அதுவரை அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். விருதுநகர் விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. அதை என் சான்றிதழின் மேல் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டார்.