நான்காம் வரிசைத் தொட்டிகளில் வெந்தயம்

ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்
நவம்பர் 19, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி வேதாசலம் அவர்களுக்குச் சௌந்தரராஜன் அநேக நமஸ்காரம். இங்கு நான், கல்பகம், நித்யஸ்ரீ மூவரும் சௌக்கியம். மொட்டைமாடியில் இருக்கும் இருநூற்று நாற்பது பேரும் சௌக்கியம். திருச்சியில் தாங்களும் அலமு மாமியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நேற்றுக் காலை 10.20 மணிக்கு எடை எடுத்ததில், மூன்றாம் வரிசைத் தொட்டிகளின் மீன்கள் சராசரி 39.1 கிராம், நான்காம் வரிசை 36.4 கிராம். ஆதாரம்: நித்யஸ்ரீயின் ஆராய்ச்சி நோட்டு. தராசை நானும் குனிந்து பார்த்தேன். நடுவிலுள்ள இந்த 2.7 கிராமால், நம் குழந்தைகளுக்குத் தை பதினான்கில் குறித்த முகூர்த்தம் ஆட்டம் கண்டிருக்கிறது. அதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

முதலில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் கேட்டபோது, பெண் ‘புரத ஆராய்ச்சி’ செய்கிறாள் என்று சொன்னேன். அது தவறான செய்தி அல்ல. முழுச் செய்தியும் அல்ல. புரதம் மீனுக்கு. கல்லூரியில் தொட்டிக் கொட்டகைக்குக் கூரை மாற்றுகிறார்கள் என்பதால், அவளுடைய வழிகாட்டி டாக்டர் அனுபமாவின் அனுமதியோடு ஆகஸ்டிலிருந்தே எங்கள் மாடியில் பன்னிரண்டு தொட்டிகள் இருக்கின்றன. வெங்காயம்கூட யோசித்து வாங்கும் வீட்டில், காலை காபிக்கு முன் மீனுக்குத் தீவனம் நிறுக்கிறோம். முப்பத்தெட்டு வருஷம் நிருபராக இருந்து எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டவன், இப்போது தினம் மூன்று தடவை மாடியேறிப் பெற்ற பெண்ணைக் கேள்வி கேட்கிறேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்தபோது எழுத்துகளைக் கையால்தான் கோப்பார்கள். பெட்டியில் ‘ன்’ தீர்ந்துபோனால், மற்ற எழுத்துகள் குவிந்து கிடந்தாலும் ‘மீன்’ என்று கோக்க முடியாது. மீன் உடம்பும் அப்படித்தானாம். அமினோ அமிலங்கள்தான் எழுத்துகள். அவற்றில் பத்து, தீவனத்திலிருந்தே வர வேண்டும். சோயாப் பிண்ணாக்கு, கடலைப் பிண்ணாக்கில் குறைச்சலாக இருக்கும் எழுத்துக்கு மெத்தியோனைன் என்று பெயர். அதைச் சேர்த்தால் மீன் வளர்கிறது. சரி, சேர்த்துக்கொண்டே போனால்? மிஞ்சியதைச் சிதைத்து வெளியேற்றுவதே மீனுக்கு வேலையாகி வளர்ச்சி குறையலாம். எந்த அளவில் ஏற்றம் நின்று இறக்கம் தொடங்குகிறது என்பதுதான் அவளுடைய எட்டு வாரக் கேள்வி. நான்கு அளவு, அளவுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு மூன்று தொட்டி. நான்காவதுதான் மிக அதிகம்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு கருத்தரங்கத்துக்காக அவள் விசாகப்பட்டினம் போனாள். ரயிலிலிருந்து அம்மாவை அழைத்து, “நாலாவது வரிசைக்கு மெத்தியோனைன் கலந்த டப்பாம்மா, மறந்துடாதே” என்றாள். சிக்னல் விட்டுவிட்டு வந்திருக்கிறது. கல்பகத்தின் காதில் விழுந்தது “மேத்தி... ஓ... நைன்”. இந்த ஊரில் இத்தனை வருஷம் கடைக்குப் போனவளுக்கு வெந்தயம் என்றால் மேத்திதான். நடுவில் வந்த ‘ஓ’வைப் பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டாள். மேலும் அவள் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் இருந்தவள். கேட்ட சாமானைக் கேட்ட அளவில் கொடுப்பாளே தவிர, எதற்கு என்று கேட்கும் வழக்கமில்லை. ஆறு நாள், நாளுக்கு ஒன்பது ஸ்பூன் வெந்தயப்பொடி, வறுத்து அரைத்து, அந்த மூன்று தொட்டித் தீவனத்திலும் பிசறிவிட்டாள். பெண் திரும்பி வந்து மாடிப்படியிலேயே மூக்கை உறிஞ்சினாள். பதறினால் அவளுக்கு இந்த ஊர் உருது வந்துவிடும்: ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.

“கைக்கு அம்மா? மீன் தொட்டில ஊறுகா வாசனை!”

“நீ சொன்ன மேத்திதாண்டி.”

“மேத்தி நக்கோ! மெத்தியோனைன்!”

“நைன்னு நீதானே சொன்னே? எண்ணித்தான் போட்டேன். எட்டு போட்டேனா, பத்து போட்டேனா?”

“அப்பா, நீங்களாவது பார்க்கலையா?”

“பார்த்தேன்,” என்றேன். “ஆராய்ச்சியில் ஒரு பகுதின்னு நினைச்சு குறிப்பும் எடுத்துண்டேன்.”

அந்தக் குறிப்புதான் இப்போது சாட்சி. நான்காம் வரிசை இறங்கும் என்று நித்யா முன்பே எதிர்பார்த்தாள், இறங்கியும்விட்டது. ஆனால் இறக்கியது மெத்தியோனைனா, வெந்தயமா? உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. கூடவே நான்கு தொட்டி வைத்து வெறும் வெந்தயம் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று டாக்டர் அனுபமாவைத் தொலைபேசியில் கேட்டேன். “சார், அது வேறொரு ஸ்டூடண்டோட தீசிஸ்” என்றார். எனக்கென்னவோ ஆவல் அடங்கவில்லை.

மறுபடி செய்வதென்றால், டிசம்பர் குளிரில் மீன் சரியாகத் தின்னாது. வெயில் வந்த பிறகு எட்டு வாரம். கல்யாணம் முடிந்து பெண் அமர்க்களமாக மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தாலும், பின்னாலேயே பன்னிரண்டு தொட்டிகள் வரும். ஆகவே முகூர்த்தத்தை வைகாசிக்குத் தள்ளித் தர வேண்டும் என்று கை கூப்பிக் கேட்கிறேன். இதில் நித்யஸ்ரீக்கோ தங்கள் குமாரன் அபிநவுக்கோ துளியும் பங்கில்லை. முழுப் பொறுப்பும் ஒன்பது ஸ்பூனுக்கே. கல்பகம் நேற்றிலிருந்து சாம்பாருக்குக்கூட வெந்தயம் தாளிக்கவில்லை. நான்காம் வரிசையை ஏற்பதா தள்ளுவதா என்பதை டாக்டர் அனுபமா திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குச் சொல்வார்.

மாமிக்கு எங்கள் நமஸ்காரங்கள். தங்கள் மனம் கோணாதிருக்கப் பெருமாளை வேண்டும்,
சௌந்தரராஜன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கடிதத்தை நித்யாவிடம் படிக்கக் கொடுத்ததும் உண்மை வெளிவந்தது. கல்பகத்தின் பேரில் குற்றமில்லை. முகூர்த்தம் ஆடியதற்கும் 2.7 கிராமுக்கும் தொடர்பே இல்லை. வெயில்காலத் தண்ணீரிலும் ஒரு முறை செய்தாக வேண்டும் என்று வழிகாட்டி ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டாராம். வைகாசி என்று இவளும் அபிநவும் செப்டம்பரிலேயே முடிவுசெய்து, யார் முதலில் தங்களிடம் சொல்வது என்று இரண்டு மாதமாகச் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் சீட்டு அபிநவ் பெயருக்கு விழுந்திருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தங்களை அழைப்பான். ஸ்பீடு போஸ்ட் சனிக்கிழமையே சேர்ந்துவிடும் என்று தபால் கவுண்டரில் சொல்கிறார்கள். ஆகவே, ஞாயிறு பத்து மணிவரை தாங்கள் இக்கடிதத்தைப் படிக்கவில்லை.