செவிசாய்த்த தலைவர்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த ஜனநாயகம் இரண்டே வகை. ஒன்று, கையைத் தூக்குவது. மற்றொன்று, சீட்டில் கோடு போட்டுப் பெட்டியில் போடுவது. மூன்றாவது வகையை உலகுக்கு அளித்த பெருமை, மெர்போக்கிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, செம்பனைக்கு நடுவில் இருக்கும் எங்கள் குடியிருப்பான தாமான் பாயு இண்டாவையே சேரும். குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை முழுப் பொறுப்புடன் பதிவு செய்கிறேன்.

நான் செயலாளரான கதை சின்னது. எங்கள் அறுபத்திரண்டு வீடுகளில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். நான்கு வருடம் சமூகவியல் படித்தேன். திரும்பி வந்ததும் சமூகம் என்னிடம் பாரம் நிரப்பக் கொடுத்தது. லைசென்ஸ் பாரம், உதவித்தொகைப் பாரம், தொலைந்துபோன பிறப்புப் பத்திரத்துக்குப் பாரம், வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுக்குச் சொக்சோ பாரம். "நம்ம காஞ்சனா இருக்கறப்ப நமக்கு என்னா கவல" என்பார்கள். காஞ்சனாவுக்கு என்ன கவலை என்று கேட்கும் பாரத்தை இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை.

எங்கள் தலைவர் சீனிவாசகம் ஐயா. தோட்டம் விற்கப்படும் வரை அதன் ரப்பர் ஆலையில் இருபத்தாறு வருடம் உருளை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்தவர். மற்ற ஊர்த் தலைவர்கள் மக்கள் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார்கள். எங்கள் தலைவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அதற்கான ஆதாரம் என்னிடமே இருக்கிறது, பின்னால் தருகிறேன்.

தாமானுக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஒரு லோங்காங் ஓடுகிறது. சாக்கடை என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். மழைக்காலத்தில் ஆறு மாதிரி நடந்துகொள்ளும். காடி, மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர்கள் கோயில் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகலாம். நடப்பவர்களுக்கு இரண்டு பலகைகள். வீடு கட்டியவர்கள் அவற்றைத் 'தற்காலிகமாக'ப் போட்டுவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இவ்வளவு நிரந்தரமான தற்காலிகத்தை எந்த அரசாங்கத்தாலும் தர முடியாது.

மருதம்மாள் அக்கா கையுறை ஆலையில் வேலை செய்பவர். ஆலை பஸ் லோங்காங்குக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். போன வருடம் ஒரு மழைநாளில் பலகை வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு பதினைந்தாம் நாள் அதே பலகையில் நடந்து வேலைக்குப் போனார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

இந்த நேரத்தில்தான் நகராண்மைக் கழகத்திலிருந்து 'குடியிருப்பாளர் கருத்தாய்வு' என்ற பாரம் வந்தது. மூன்றே கேள்விகள். உங்கள் வட்டாரத்தின் பெருமைமிகு உணவு எது? உங்கள் வட்டாரத்தின் அடையாளச் சின்னம் எது? உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் ஒரே ஒரு வசதி எது? மூன்றாவதற்குக் கீழே தடித்த எழுத்தில், எழுதப்படும் வசதி இவ்வாண்டே செய்து தரப்படும் என்று இருந்தது. ஒரு தாமானுக்கு ஒரு பாரம்.

முதல் கூட்டம் பாலர் பள்ளி மண்டபத்தில் நடந்தது. நான்கு வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில், அந்த வயதுக்கேற்ற ஒழுங்கோடு அனைவரும் அமர்ந்தார்கள்.

ஜெயகுமார் அண்ணன் லோரி ஓட்டுபவர். பாலிங் வரைக்கும் எந்தக் கடையில் எந்தக் குழம்பு என்று அறிந்தவர்.

"எழுதிக்கம்மா, மீன் கறி. கோத்தா கோலா மூடா மீனு."

"அந்த மீனு அந்த ஊருக்குப் பெரும. நமக்கு என்னா பெரும? நீ ரெண்டு கிலோ வாங்குனதா?" இது உமாராணி அக்கா. "ரொட்டி சானாய்னு போடு. எல்லா எனமும் சாப்புடும்."

"ரொட்டி சானாய் மாமாக் முஸ்லிம் கடைது லா."

"அப்ப தோச."

"தோச இல்லாத ஊரு ஏது? நம்ம தோசைல அப்பிடி என்னா இருக்குது?"

"ஓட்ட இருக்குது அண்ணே. உங்க வீட்டு தோசைல இல்ல. அதான் உங்களுக்குத் தெரியல."

ஜெயகுமார் அண்ணனின் மனைவி எழுந்தார். அவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. தோசைக்குச் சாம்பாரா கோழிக்கறியா என்ற கேள்வியில் தாமான் இரண்டாகப் பிரிந்தது. கூட்டக் குறிப்பில் நான் எழுதியது: 'காரசாரமான விவாதம் நடைபெற்றது. காரம் உமாராணி அவர்களுடையது. சாரம் கிடைக்கவில்லை.'

இரண்டாவது கேள்விக்கு வந்தோம். தேவன் எதற்கும் முதல் ஆளாக வாய் திறப்பவர்.

"அடையாளம்னா ஜெராய் மல."

"அது பத்து ஊருக்குப் பொதுடா."

"நம்ம பக்கத்துலேர்ந்து பாத்தாதான் வடிவா இருக்கும்."

கைப்பேசிக் கோபுரம் என்றார் ஒருவர். பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடை என்றார் இன்னொருவர். மருதம்மாள் அக்கா மாவுக்கட்டுக் கையைத் தூக்கினார்.

"வெளியாளுக்கு வழி சொல்றப்ப நம்ம என்னா சொல்றோம்? 'ரெண்டு பலக கிட்ட வந்து நின்னுகிட்டு போன் அடி'ன்னுதான சொல்றோம்? அதான நம்ம அடையாளம்?"



"அக்கா," என்றார் தலைவர், "இது பெருமக் கேள்வி. கஷ்டக் கேள்வி மூணாவது. அதுக்கு நாம இன்னும் வரல."

வரவேயில்லை. அதற்குள் சாம்பார் கட்சியிலிருந்து யாரோ கோழிக்கறிக் கட்சியை நோக்கி வர்ணப் பென்சில் டப்பாவை வீசிவிட்டார்கள்.

மறுவாரம் தலைவர் மீன் வாங்கக் கோத்தா கோலா மூடா போனார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. படகு வந்து மீனைக் கொட்டியதும், வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் ஏலம் விடுபவரின் காதில் விலையைக் கிசுகிசுப்பார்கள். யார் என்ன சொன்னார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. முடிவை அவர் மட்டும் சொல்வார். சத்தமில்லை, சண்டையில்லை. தலைவர் அன்று இரண்டு கிலோ கெளுத்தியோடும் ஒரு தத்துவத்தோடும் வீடு திரும்பினார்.

இரண்டாம் கூட்டத்தில் அதை அறிவித்தார்.

"இனிமேட்டு சத்தம் வேணாம். ஒவ்வொருத்தரா வாங்க, மூணு பதிலையும் எங்காதுல சொல்லுங்க. முடிவ நான் சொல்றேன்."

"எந்தக் காது தலைவரே?" என்றார் தேவன்.

"எடது. மக்கள் பேசுறது எதயத்துக்குப் பக்கமா விழணும் இல்லையா?"

கைதட்டல் அடங்க நேரமானது. தலைவர் தம் நாற்காலியை, வலது பக்கம் சுவரில் ஒட்டும்படி, அ ஆ இ ஈ அட்டைக்குக் கீழே போட்டு அமர்ந்தார். தலையை மெல்லச் சாய்த்தார். 'மக்கள் குரலுக்குச் செவிசாய்த்தார்' என்று பத்திரிகையில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒரு தலைவர் அதை உடற்பயிற்சியாகவே செய்து அன்றுதான் பார்த்தேன்.

வரிசை வாசலைத் தாண்டியது. எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்கள்கூட வந்தார்கள். வீட்டில் மாமியாரிடம் வாய் திறக்காத மருமகள்கள் தலைவர் காதில் விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். ஜெயகுமார் அண்ணன் பேசிய வேகத்தில் தலைவர் துண்டால் காதைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உமாராணி அக்கா நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். அன்றைய கூட்டத்தில் அது இரண்டாவது அதிக நேரம். தலைவர் எல்லாருக்கும் ஒரே அளவாகத் தலையாட்டினார். அப்படியொரு பாரபட்சமற்ற தலையை நான் கண்டதில்லை.

மருதம்மாள் அக்காவின் முறை வந்தபோது ஒரு 'ஒழுங்கீனம்' நடந்தது. அவர் இடது பக்கம் நிற்காமல், சுற்றிக்கொண்டு போய்ச் சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் நுழையப் பார்த்தார்.

தலைவர் நாற்காலியைச் சுவரோடு இன்னும் நெருக்கினார். "அக்கா, அந்தக் காது வீட்டுக்கு. மக்களுக்கு இந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் சொன்னா என்னா தலைவரே? ஒரே தலதான?"

வரிசையில் நின்ற தேவன் சத்தம் போட்டார். "சிஸ்டத்த மதிக்கணும் லா அக்கா. எல்லாரும் நிக்கறோம் இல்ல?"

மருதம்மாள் அக்கா வரிசையைத் தலையிலிருந்து வால் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். 'ஒருவர் கருத்துத் தெரிவிக்காமல் வெளிநடப்பு' என்று எழுதினேன்.

முடிவு அறிவிக்கப்பட்டது. பெருமைமிகு உணவு, குணசுந்தரி ரொட்டி சானாய். குணசுந்தரி அக்கா தலைவரின் மனைவி. சாலையோரத்தில் கடை போட்டிருக்கிறார். அடையாளச் சின்னம், தாமானின் தோரணவாயில். உடனடித் தேவை, அதே தோரணவாயில்.

"நமக்குத் தோரணவாயிலே இல்லையே ஐயா? இல்லாதது எப்படி அடையாளம் ஆகும்?" என்றேன்.

"கட்டுனா ஆயிரும்மா. அதுக்குத்தான் மூணாவது கேள்வி."

சமூகவியலில் இதற்கு ஒரு சொல் இருக்க வேண்டும். அந்த வகுப்புக்கு நான் போகவில்லை போலிருக்கிறது.

"எல்லாரும் இதையேவா சொன்னாங்க?"

"ஏகமனதுனு போடு. ஏகமனதுதான் பாக்க நல்லா இருக்கும்."

வருகைப் பதிவில் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். போன இடத்திலெல்லாம் மெதுவாகக் கேட்டேன். உமாராணி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பாலம்னுதான் சொன்னேன். அந்தப் பலகைய எடுத்துட்டு சிமெண்டுப் பாலம். நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன் தெரியுமா?"

ஜெயகுமார் அண்ணனும் பாலம். அவர் மனைவியும் பாலம். சாம்பாரும் கோழிக்கறியும் முதன்முறையாக ஒன்று சேர்ந்திருந்தன. கேட்ட நாற்பத்தொரு பேரில் முப்பத்தொன்பது பேர் பாலம் என்றார்கள். இரண்டு பேருக்கு ஞாபகமில்லை.

"அப்ப அடுத்த கூட்டத்துல இதையே வாய்விட்டுச் சொல்லுங்கக்கா."

"ஏன், நாந்தான் கெடச்சேனா? தெனம் அவரு மூஞ்சில முழிக்கணும் இல்ல?" உமாராணி அக்கா துணியை உதறினார். "நீ பாலம்னு எழுதிக் குடுத்துரு லா. படிச்ச புள்ள. எம்பேரு மட்டும் போட்றாத."

முப்பத்தொன்பது பேரும் தங்கள் பெயரைப் போடச் சொல்லவில்லை. பாரத்தில் 'ஏகமனதாக' என்று எழுதி, என் கோபம் முழுவதும் தெரியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். தாள் தடிமனாக இருந்ததால் கிழியவில்லை.

சொன்ன சொல் தவறாமல் எட்டே மாதத்தில் தோரணவாயில் வந்தது. சாலையோரத்தில், பலகை போய் முடியும் இடத்தில், இரண்டு யானைகள் துதிக்கை தூக்கிய நிலையில் நிற்கின்றன. தலைவரின் பெயர் தாமானின் பெயரைவிட ஒரு விரல் பெரிது. பாலர் பள்ளி மண்டபத்தில் அடுக்கி வைத்திருந்த சிமெண்டு மூட்டைகளைப் பலகை வழியாகத் தூக்கிப் போனதில் ஒரு பலகை முறிந்து லோங்காங்கோடு போய்விட்டது. திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர்கள் மிச்சமிருந்த ஒற்றைப் பலகையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே நின்று ரிப்பன் வெட்டினார்கள். நாங்கள் இந்தப் பக்கம் நின்று கைதட்டினோம். "மக்கள் குரலுக்குச் செவிசாய்க்கும் தலைவர் உங்களுக்கு வாய்த்திருக்கிறார்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தலைவர் தலையாட்டினார்.

ஒற்றைப் பலகையில் நடக்க இரண்டு கையும் சரியாக இருக்க வேண்டும். மருதம்மாள் அக்காவின் முறிந்த கைக்கு இன்னும் பழைய பலம் வரவில்லை. கோயில் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் சுற்றி வருவதற்குள் ஆலை பஸ் போய்விடுகிறது. மூன்று வாரம் பார்த்துவிட்டு வேலையை விட்டார்.

இப்போது, தருவதாகச் சொன்ன ஆதாரம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் தலைவருக்கு ஒரு சொக்சோ பாரம் நிரப்பினேன். ஆலை இயந்திரத்தின் சத்தத்தால் வந்த பாதிப்பு. மருத்துவர் முத்திரையோடு என் கையெழுத்தில் இருக்கிறது: 'இடது காது, கேட்கும் திறன் முழுமையாக இழப்பு.' அது அங்கீகரிக்கப்பட்ட சந்தோஷத்தில் அறுபத்திரண்டு வீட்டுக்கும் ஆட்டுக்கறி பிரியாணி கொடுத்தார். தேவன் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டார். எதற்காகப் பிரியாணி என்று தெரியாமல் சாப்பிட்டவர் எங்கள் தாமானில் ஒருவர்கூட இல்லை.

அதனால்தான் வரிசை வாசலைத் தாண்டியது. தலைவர் எங்களை ஏமாற்றினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எங்களுக்கு வேண்டிய காதைத்தான் அவர் கொடுத்தார்.

நேற்று மருதம்மாள் அக்கா ஒரு பாரத்தோடு என் வீட்டுக்கு வந்தார். வேலை இழந்தவர்களுக்கான உதவிப் பாரம். காரணம் என்ற கட்டத்தில் 'போக்குவரத்து வசதியின்மை' என்று எழுதினேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டவர் எழுந்து போகவில்லை.

"ஏம்மா காஞ்சனா, நானாச்சும் அந்தப் பக்கமா போய்ப் பாத்தேன். நீ எந்தக் காதுல சொன்ன?"

இடது காதில்தான். ஏழு நிமிடம். தாமானிலேயே அதிக நேரம் பேசியது நான்தான். டிகிரி படித்தவள் இல்லையா?