செடிகளின் பூர்வீகச் சான்று

மேழிநாட்டை ஆண்டவர்களுக்கு மண் மீது அளவுகடந்த பாசம். மேடையேறினால் ஒரு பிடி மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளாமல் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். அதற்கென்று நன்றாகச் சலித்த மண் வெள்ளிக் கிண்ணத்தில் தலைநகரிலிருந்து வண்டியேறி வரும். அந்தந்த ஊர் மண்ணில் கல் கிடக்கும், நெற்றியில் கீறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

அப்படி ஒரு மேடையில்தான் நாடாள்வார் 'மண்ணின் செடித் திட்டம்' என்ற ஒன்றை அறிவித்தார். நாட்டின் சொந்தச் செடிகளையும் சொந்தத் தானியங்களையும் கூட்டாகச் சேர்ந்து வளர்க்கிறவர்களுக்கு ஊர்ச்சபை நிதி கொடுக்க வேண்டும் என்றார். கூட்டம் கைதட்டியது. எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தவள் தூவனூர் அரியநாச்சி. பாவம், அவள் அதை நம்பிவிட்டாள்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. தூவனூருக்குக் கிழக்கே முப்பத்திரண்டு வீட்டார் சேர்ந்து உழுகிற பொதுக்காடு ஒன்று உண்டு. நடுவே வரகும் குதிரைவாலியும், ஓரங்களில் வன்னி, நுணா, இலுப்பை. ஆண்டுக்கு ஒரு வீடு காட்டுக்குப் பொறுப்பு, அந்த ஆண்டு அரியநாச்சி வீட்டு முறை. இரண்டு வருடம் முன்பு வந்த வெள்ளத்தில் வாய்க்கால் உடைந்து மணல் மூடிப்போனது. அதிலிருந்து விதைப்பு இல்லை. தானியக் குதிரில் கிடந்த செவ்வரகு விதைக்கு வயது இரண்டு. மூன்றாவது மழையும் மண்ணைப் பார்க்காமல் போனால் அது முளைக்காது. தூவனூரைத் தவிர வேறெங்கும் அந்த வரகு கிடையாது. ஐப்பசி மழைக்குள் வாய்க்காலை வெட்டியாக வேண்டும், இல்லையென்றால் அந்தச் செடியின் கதை அவள் பொறுப்பில் முடிந்தது என்று பெயராகிவிடும்.

அரியநாச்சி மனுவை எழுதிக்கொண்டு ஊர்ச்சபைக்குப் போனாள். நடுவில் சபைத்தலைவர் அறம்வளர்த்தார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆணையர் குணசீலர். மூலையில் எழுத்தர் சாந்தப்பன், தலை நிமிராமல் எழுதுகிற ஒல்லியான மனிதர், கடற்கரை ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"தங்கள் மனுவைப் படித்து இந்தச் சபை மெய்சிலிர்த்தது" என்றார் தலைவர். அவர் உடம்பில் சிலிர்த்ததற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. "நிதி தயாராக இருக்கிறது. ஆனால் திட்டம் சொந்தச் செடிகளுக்கு மட்டும். இவை சொந்தச் செடிகள் என்பதற்கு என்ன சான்று?"

அரியநாச்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ஐயா, இதுக்கெல்லாமா சான்று கேப்பாங்க? வேலியோரமெல்லாம் தானா முளைச்சுக் கெடக்கு, நீங்களே வந்து பாருங்க."

"தானாகவா?" குணசீலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சாந்தப்பன், அனுமதியின்றி முளைத்தவை என்று குறித்துக்கொள்ளும்."

சாந்தப்பன் குறித்துக்கொண்டார். அன்றைக்கே முதல் ஆணை பிறந்தது. செடிகளின் பூர்வீகம் விசாரித்து முடியும் வரை பொதுக்காட்டில் யாரும் விதைக்கக் கூடாது, களை பறிக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது. உதவி கேட்டுப் போனவள் கையைக் கட்டிக்கொண்டு திரும்பினாள்.

"மனு கொடுக்காம இருந்திருந்தா கெணத்துத் தண்ணிய எறைச்சு ரெண்டு பாத்தியாவது போட்டிருப்போமே, மதினி" என்றாள் பக்கத்து வீட்டு மாடத்தி. அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அரியநாச்சிக்குச் சுருக்கென்றது. ஐப்பசிக்கு நாற்பது நாள்தான் இருந்தது.

பதினைந்தாம் நாள் விசாரணைக் குழு வந்தது. குணசீலர் முன்னால், தடித்த படிவக் கட்டுகளைச் சுமந்துகொண்டு சாந்தப்பன் பின்னால். செடியின் பெயர், செடியின் தாய்ச்செடி, அது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று வரிசையாகக் கேள்விகள் அச்சடித்திருந்தன. நாடு முழுவதற்கும் சேர்த்து லட்சக்கணக்கில் அடித்ததாக ஆணையர் பெருமையோடு சொன்னார்.

தூவனூர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அறுவடை முடிந்தால் யாரும் தன் வீட்டு விதையைத் தானே வைத்துக்கொள்ள மாட்டார்கள். கிழக்கு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மேற்கு வீட்டிலிருந்து வருவதைத்தான் விதைப்பார்கள். கடைசி வீட்டு விதை ஊரைச் சுற்றிக்கொண்டு முதல் வீட்டுக்கு வரும். ஒரு வீட்டு விதை பூச்சி விழுந்தாலும் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. அதனால் 'எங்க விதை' என்ற பேச்சே அங்கே கிடையாது. அப்படிச் சொன்னால் விதை குதிரிலேயே உளுத்துப்போகும் என்று ஒரு பயம். சாதுவான ஜனங்கள், ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயப்பட்டார்கள்.

"இது யாருடைய விதை?" என்று முதல் வீட்டில் கேட்டார் குணசீலர்.

"எங்களுது இல்லீங்க" என்றாள் மாடத்தி.

"பின்னே எங்கிருந்து வந்தது?"

"மேக்கு வீட்டுலேர்ந்து வந்தது."

மேற்கு வீட்டில் கேட்டார். "எங்களுது இல்லீங்க" என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். குணசீலரின் முகம் மலர்ந்துகொண்டே போவதை அரியநாச்சி கவனித்தாள். பத்தாவது வீட்டில் அவளுக்குச் சந்தேகம் தட்டியது, இருபதாவது வீட்டில் உறுதியாகிவிட்டது. ஓடிப்போய் எல்லோரிடமும் மாற்றிச் சொல்லுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் எதை மாற்றிச் சொல்வது? அவர்கள் உண்மையைத்தானே சொல்கிறார்கள்.

கடைசியாக அவள் வாசலுக்கு வந்தார்கள். குதிரின் மூடியைத் திறந்து ஒரு கை செவ்வரகை எடுத்தார் குணசீலர். "பொறுப்பாளர் நீங்கள். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். இது உங்களுடையதா?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று ஒரு வார்த்தை. சாந்தப்பன்கூட அன்றைக்கு முதல்முறையாகத் தலை நிமிர்ந்து, சொல்லித் தொலையேன் என்பதுபோல அவளைப் பார்த்தார். அரியநாச்சி வாயைத் திறந்தாள். இத்தனை வருடமும் பழகாத பேச்சு, நாக்கு புரளவில்லை.

"எங்களுது இல்லீங்க" என்றாள் அவளும்.

அறிக்கை பன்னிரண்டு நாள் கழித்துச் சபையில் வாசிக்கப்பட்டது. மழைக்கு முந்தைய புழுக்கம், மண்டபத்தில் விசிறிகள் அசைந்துகொண்டிருந்தன. முப்பத்திரண்டு வீட்டாரும் சுவரோரம் நின்றார்கள்.

"வரகு, குதிரைவாலி ஆகியவை வேற்றிடத்திலிருந்து வந்தவை என்று வளர்ப்பவர்களே ஒப்புக்கொண்டுள்ளனர்" என்று படித்தார் குணசீலர். "நுணா, வன்னி ஆகியவற்றைப் பறவைகள் கொண்டுவந்துள்ளன. அப்பறவைகளுக்கு நிலையான முகவரி இல்லை. இலுப்பை மரம் இருநூறு ஆண்டுகளாக அங்கே நிற்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் பிறப்பைப் பதிவு செய்யவில்லை. இருநூறு ஆண்டுகள் பதிவு செய்யாமல் நின்றது குற்றத்தின் கனத்தைக் கூட்டுகிறது."

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அரியநாச்சிக்குப் பயமாக இருந்தது.

"ஆகவே மேற்படி செடிகளை அப்புறப்படுத்தி, அந்த நிலத்தில் சொந்தச் செடியை நட இச்சபை ஆணையிடுகிறது" என்றார் தலைவர். "உரிய சான்றுகளோடு வந்த ஒரே விண்ணப்பம், எனது மைத்துனர் அவர்களுடையது. செடியின் பெயர் சீமைக் கம்பளப்புல். துறைமுக முத்திரை உண்டு, இறங்கிய தேதி உண்டு, விற்றவரின் கையெழுத்து உண்டு. இவ்வளவு துல்லியமாகப் பூர்வீகம் தெரிந்த செடி மேழிநாட்டில் வேறில்லை."

"ஐயா, அது கடல் தாண்டி வந்ததுன்னு அந்தத் தாளிலயே எழுதியிருக்கே!" அரியநாச்சி கத்திவிட்டாள்.

"ஆம்" என்றார் தலைவர் கனிவாக. "அதனால்தான் அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை."

"நிதி வேண்டாங்கய்யா. வாய்க்கால நாங்களே வெட்டிக்கிறோம். வெதைக்க மட்டும் விடுங்க. இன்னும் பத்து, பதினஞ்சு நாள்தான், அதுக்கு மேல அந்த வெதைக்கு உசுரு இருக்காது."

"விதையைப் பற்றிக் கவலை வேண்டாம். சாட்சிப் பொருள் என்பதால் அதைச் சபையே பாதுகாக்கும்" என்றார் தலைவர்.

மறுநாள் காலையில் சபைச் சேவகர்கள் தடியோடு வந்து, வீடு வீடாக விதையை அள்ளிக்கொண்டு கடைசியில் அரியநாச்சி வீட்டுக்கு வந்தார்கள். அவள் குதிரின் வாயை மறித்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுத்துப் பார்த்தார்கள், அவள் அசையவில்லை. உதவிக்கு ஓடிவந்த மாடத்தியின் கையை ஒருவன் முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். மாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "விடாதே மதினி, விடாதே" என்றாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அரியநாச்சி கையை எடுத்துவிட்டாள். மூட்டை வண்டியில் ஏறியதை அவள் பார்க்கவில்லை. மாடத்தியின் கையைத் தன் மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு மாதம் அசையாத சபை, ஒரே வாரத்தில் வாய்க்காலை வெட்டி முடித்தது. இலுப்பையை அறுக்க மூன்று நாள் பிடித்தது. கம்பளப்புல்லைச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்தார்கள். மாடு மேயக் கூடாது, மனிதர் நடக்கக் கூடாது என்று சுற்றிலும் கம்பி. வாசலில் 'மண்ணின் செடித் திட்டம்' என்று பலகை, அதன் அடியில் மனுதாரர் அரியநாச்சி என்று அவள் பெயர். திறப்பு விழாவில் அதற்காக அவளுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை அவள் என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள்.

ஐப்பசி மழை அந்த வருடம் கொட்டித் தீர்த்தது. சபையின் கிடங்கில் இருந்த செவ்வரகை எலிகள் தின்று தீர்த்தன. எலிகளின் பூர்வீகத்தை யாரும் விசாரிக்கவில்லை. மூன்றாம் வருடமும் விளைச்சல் இல்லாமல் பொதுக்காடு போனதால் பாதி வீடுகளில் ஒருவேளைச் சோறு நின்றது. மற்ற பாதி வீடுகள் தங்கள் பங்கைப் பகிர்ந்துகொண்டன. சபைக்கு மனு கொடுப்பதை மட்டும் ஊர் அடியோடு விட்டுவிட்டது.

சபைக்கு அப்போது வேறொரு கவலை வந்தது. அடித்த படிவங்களில் முக்கால்வாசி மிச்சம். செடிகள் தீர்ந்துபோயின, படிவங்கள் தீரவில்லை. அரசின் தாளை வீணாக்குவது மண்ணுக்குச் செய்யும் துரோகம் என்று தலைநகரிலிருந்து ஓலை வந்தது. அடுத்த வாரமே தூவனூரில் தண்டோரா போட்டார்கள். முதல் நாள் கல்யாணமான பெண்கள், மறுநாள் மற்றவர்கள், எல்லோரும் சபை மண்டபத்துக்கு வர வேண்டும்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். பொறுப்பாளர் என்பதால் அரியநாச்சி முதலில். அவளுக்குப் பின்னால் கையில் மூங்கில் பத்தை கட்டிய மாடத்தி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். மேசையில் சாந்தப்பன் மட்டும் இருந்தார். அரியநாச்சி குனிந்து பார்த்தாள். அதே படிவம். 'செடி' என்று இருந்த இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஆள்' என்று எழுதியிருந்தது. தாய்ச்செடி இருந்த இடத்தில் தாய் என்று மட்டும் மிச்சமிருந்தது. எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்ற கேள்விகளில் கைவைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

தூவனூரில் பெண்ணை வெளியூரில்தான் கொடுப்பார்கள், வெளியூரில்தான் எடுப்பார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் தூவனூரில் பிறந்தவள் ஒருத்தியும் கிடையாது. எல்லோரும் வாக்கப்பட்டு வந்தவர்கள்.

பயம் முற்றிப்போய் அது கோபமாகத் திரும்பியது. "எழுதுறது இருக்கட்டும் ஐயா. நீங்க மட்டும் இந்த ஊர்லயா பொறந்தீங்க? கடக்கரையிலேர்ந்து வந்தவருதானே? மொதல்ல உங்களுத எழுதுங்க, நான் பாக்குறேன்" என்றாள்.

சாந்தப்பன் பேனாவை மையில் தோய்த்தார். மெல்லிய குரலில், பக்கத்து அறைக்குக் கேட்காதபடி சொன்னார்.

"என்னுது போன செவ்வாய்க்கெழமையே தள்ளுபடி ஆயிடுச்சும்மா. வேற ஆள் வர்ற வரைக்கும் இருந்து எழுதச் சொல்லியிருக்காங்க."

அவர் படிவத்தை நேராக்கினார். "சொல்லுங்கம்மா. எங்கேர்ந்து வந்தீங்க?"

அரியநாச்சி திரும்பிப் பார்த்தாள். அவள் என்ன சொல்கிறாளோ அதையே தானும் சொல்வதென்று முடிவு செய்துகொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.