பன்னிரண்டாம் பக்கத்துக் கொலைகாரன்

இந்தியாவில் இதுவரை அச்சேறிய மர்ம நாவல்களில் ஒரு கொலைகாரன்கூட ஆறுச்சாமியின் கண்ணில் மண்ணைத் தூவியது கிடையாது. பன்னிரண்டாம் பக்கம் முடிவதற்குள் அவன் சட்டைக் காலர் இவர் கையில் இருக்கும். அதற்கு மேல் வரும் பக்கங்களெல்லாம் எழுத்தாளர் பொழுது போகாமல் எழுதியவை. தப்பித்த ஓரிருவர்கூட எழுத்தாளரின் கவனக்குறைவால் தப்பித்தவர்களே.

இப்படிச் சொன்னது ஊர் அல்ல, ஆறுச்சாமியேதான். கீழ் கோத்தகிரி எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூளின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே, சுப்பண்ணனின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மப்ளரை ஒரு சுற்றுத் தளர்த்திக்கொண்டு சொன்னார்.

"இந்த மாசத்து ஆளையும் புடிச்சாச்சுங்க!"

கையில் 'பனிமூட்டத்தில் ஒரு பட்டுப்புடவை' என்ற மாத நாவல். பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் இருந்தது.

பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. விலை விழுந்த சத்தம் மேட்டுப்பாளையம் வரை கேட்டதாகச் சொல்வார்கள். முன்பெல்லாம் வீட்டுக்கொரு நாவல் வாங்கிய எஸ்டேட்டில், இப்போது எல்லாரும் சேர்ந்து ஒன்றே ஒன்று வாங்கினார்கள். ஆறுச்சாமி முதலில் பன்னிரண்டு பக்கம் படித்துக் கொலைகாரனைச் சொல்லிவிட்டு, புத்தகத்தை டீக்கடையில் பன் பாட்டிலுக்குப் பின்னால் வைத்துவிடுவார். மற்றவர்கள் முறை வைத்து எடுத்துப் படிப்பார்கள். அவர் சொன்னது சரியா தப்பா என்பதில்தான் அந்த மலையின் மிச்சப் பொழுது ஓடியது.

"யாருங்கய்யா கொன்னது?" இலை லாரி ஓட்டும் முத்துவேல் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டான்.

"பொறு. இப்ப வர்ற நாவலப் பத்தி ஒண்ணு சொல்லணும். முன்னெல்லாம் ஒரு நாவலுக்கு ஒரு பொணம். மதிப்பா இருந்துச்சு. இப்ப அஞ்சு பொணம் வுழுகுது. பொணத்து வெலையும் பச்ச எல வெலையாட்டப் போயிருச்சு."

"வெலையக் கொன்னது யாருன்னு சொல்லுங்களேன்" என்றாள் டிஸ்பென்சரி நர்ஸ் தபித்தாள்.

"அவன் பன்னெண்டாம் பக்கத்துக்குள்ள வர மாட்டானுங்க, சிஸ்டர். டீத்தூள் ஏலத்துல எங்கியோ ஒளிஞ்சிருக்கறான்." ஆறுச்சாமி புத்தகத்தைத் தட்டினார். "இங்க கேளுங்க. பங்களா முதலாளி நாற்காலியில செத்துக் கெடக்கறார். மருமகன் மேல சந்தேகம், வக்கீல் மேல சந்தேகம். எந்த நாவலா இருந்தாலும் தேயிலக் கொழுந்தாட்டம் ரெண்டு இலை, ஒரு மொட்டுதான். ரெண்டு இலையும் நம்மள ஏமாத்தறதுக்கு விரிஞ்சு நிக்கும். ஒண்ணுந் தெரியாத மாதிரி நடுவுல ஒண்ணு கூம்பி நிக்கும் பாருங்க, அந்த மொட்டுதான் கொலைகாரன்."

"இதுல மொட்டு யாருங்க?"

"சமையக்காரன். மூணு தடவ டீ கொண்டு வர்றான். ஒருக்காகூட டம்ளர எடுக்கத் திரும்பி வரல. டீ குடுத்தவன் டம்ளருக்கு வராம இருப்பானா? டீயிலதான் வெசம்!"

பெஞ்சில் ஒரு நிசப்தம். நீலகிரியில் அத்தனை பெரிய நிசப்தம் அதற்கு முன் நிலச்சரிவுக்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

முத்துவேல் தன் டம்ளரை எட்டிப் பார்த்தான். "தேத்தண்ணியில வெசமா? கண்டியில எங்க தாத்தன் காலத்துலருந்து தேத்தண்ணி குடிச்சு வளந்த குடும்பங்க எங்களது. ஏற்கெனவே வெலை போச்சு. மானமும் போகணுமாங்கய்யா?"

கொதிக்கும் பாலை அப்படியே விட்டுவிட்டு சுப்பண்ணன் வெளியே வந்தார். இந்த மலையில் ஆறுச்சாமியை ஒரு தரம்கூட நம்பாத ஒரே மனிதர் அவர்தான்.

"ஏனுங்க, நாலு பேரு வந்து போற எடத்துல உக்காந்துட்டு டீயில வெசம்ங்கறீங்க. இருக்கற நாலு பேரும் நாளைக்கு வெந்தண்ணி குடுன்னு கேட்டா நான் அடுப்புல துண்டப் போட்டுட்டுப் போறதா?"

"நாவல்ல இருக்குது, சுப்பண்ணா."

"இருக்காது. பன்னெண்டு பக்கம் படிச்சுட்டுச் சொல்றதுக்கு நீங்க என்ன கிளி சோசியமா பாக்கறீங்க? பந்தயம் வெச்சுக்கலாங்களா? நீங்க சொன்னது தப்புன்னா, இனி ஆயுசுக்கும் நாவலப் பத்தி வாயத் தொறக்கப்படாது."

"சரியா இருந்தா?"

"இவங்க ரெண்டு பேரையும் சாட்சி வெச்சுட்டு, 'நீங்க சொன்னது நடந்துச்சுங்க'ன்னு என்ற வாயால ஒத்துக்கறேன்."

ஆறுச்சாமி சம்மதித்தார். பேச்சை நிறுத்துவது அவருக்கு மூச்சை நிறுத்துவது மாதிரி. ஆனாலும் டீ மேக்கர் வார்த்தை. புத்தகம் பன் பாட்டிலுக்குப் பின்னால் போனது. மறுநாள் காலையில் தபித்தாள் எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த நாள் அவள் வந்த வேகத்தில் பனிமூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

"கடைசித் தாளக் காணோம்! போலீஸ்காரர் எல்லாரையும் கூட்டி வெச்சு, 'கொலை செய்தது வேறு யாருமல்ல'ங்கறார். அதுக்கடுத்து தலைவலித் தைல விளம்பரந்தான் இருக்கு!"

"அப்ப தைலந்தான் கொன்னுச்சா?" என்றான் முத்துவேல்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்களும் மெதுவாக ஆறுச்சாமி பக்கம் திரும்பின.

"என்னைய ஏம் பாக்கறீங்க? நான் பன்னெண்டாம் பக்கத்தத் தாண்டவே இல்ல!"

"தப்பாச் சொல்லிட்டோம்னு தெரிஞ்சு கிழிச்சிருந்தா?" தபித்தாள் இழுத்தாள்.

ஆறுச்சாமிக்குக் காதுமடல் சிவந்தது. "முத்துவேலு, லாரி நாளைக்குக் கோத்தகிரி போகுதில்ல? இந்த நாவல் இன்னொரு காப்பி வாங்கிட்டு வா. தெரிஞ்சு போயிரும்."

மறுநாள் ஆறுச்சாமியும் மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதை மாற்ற கோத்தகிரி பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார். சாயங்காலம் முத்துவேல் வெறும் கையோடு வந்து இறங்கினான்.

"இருந்த ஒரே காப்பியையும் மத்தியானம் ஒரு ஆள் வாங்கிட்டுப் போயிட்டாராங்கய்யா. வயசான ஆளு, மப்ளர் கட்டியிருந்தாருன்னு கடைக்காரர் சொன்னாரு."

"கோத்தகிரியில மப்ளர் கட்டாத வயசான ஆளு எவன்டா இருக்கறான்?"

சர்க்கரை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சுப்பண்ணன் திரும்பாமலேயே கேட்டார். "கேக்கறனேன்னு வெசனப்படாதீங்க. மத்தியானம் நீங்களும் கோத்தகிரியிலதான இருந்தீங்க?"

ஆறுச்சாமி தன் கழுத்து மப்ளரைத் தொட்டுப் பார்த்தார். அதைவிடப் பெரிய சாட்சியம் அந்தக் கழுத்தில் தொங்கியிருக்க முடியாது.

அன்று அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டீ கொண்டு வந்த சமையல்காரனைச் சொன்னதால்தானே கிழித்ததாகச் சொல்கிறார்கள், ஆளை மாற்றிவிட்டால் எல்லாரும் சமாதானமாகிவிடுவார்கள் என்று ஒரு யோசனை உதித்தது. இந்தக் கதையில் அவருக்கு உதித்த முதல் கெட்ட யோசனை அது.

காலையில் பெஞ்சில் அறிவித்தார். "நல்லா யோசிச்சுப் பாத்தேன். டீக்காரன் இல்ல. பங்களா டிரைவர்தான் கொலைகாரன்."

முத்துவேல் எழுந்தான். "எதுக்குங்கய்யா என்னையச் சாடை பேசறீங்க? காப்பி வாங்கிட்டு வரலைன்னு கோவமா? இருவது வருசம் இந்த வளைவுல லாரி ஓட்டறேன். ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல!"

அன்றிலிருந்து அவன் லாரி ஆறுச்சாமியைக் கண்டால் நிற்கவில்லை. மேடேற அவர் நடந்தே போனார். அடுத்த நாள் மூச்சிரைக்க வந்து திருத்தினார்.

"டிரைவர் நல்லவன். முதலாளிக்கு ஊசி போட வந்த நர்சுதான்."

தபித்தாள் காதில் அது விழுந்தது. டிஸ்பென்சரியில் அவருக்குப் பிரஷர் பார்க்கும்போது பட்டையை இறுக்கிய இறுக்கில், பாதரசம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தொட்டபெட்டாவுக்குப் போகப் பார்த்தது.

"ஐயா, நர்சு கொல்றதுன்னா ஊசியே தேவையில்ல. தெரியுதுங்களா?"

தெரிந்தது. மூன்றாம் நாள் யாருக்கும் மனம் நோகாத முடிவு ஒன்றோடு வந்தார்.

"யாருமே கொல்லலீங்க. முதலாளி தானாத்தான் செத்தார். மாரடைப்பு."

இதுதான் எல்லாவற்றையும்விட மோசமாகப் போனது. இலை கிள்ளப் போன பெண்கள்கூடக் கூடையை இறக்கிவிட்டு வந்துவிட்டார்கள். "தானாச் சாகறதுக்கு எதுக்குங்க நாவல்? அது இங்க தெனமும் நடக்குது! இதுக்கா ஆளுக்கு ஆள் காசு போட்டோம்?"

"இத்தன தடவ ஆளை மாத்தினா பந்தயம் என்னாச்சு?" என்றாள் தபித்தாள்.

ஆறுச்சாமி மப்ளரை இறுகக் கட்டிக்கொண்டார். "தோத்துட்டனுங்க" என்று சொல்லிவிட்டு மேடேறினார். ஜெயித்த சுப்பண்ணன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அதன் பிறகு ஆறுச்சாமி வீட்டைவிட்டு இறங்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தைப் படித்தார். அரிசி மூட்டையின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லவில்லை. அவர் மனைவி அம்சவேணி ரசத்தில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் பார்த்தாள். அதற்கும் பேச்சில்லை.

"ஏனுங்க, கட்டிட்டு வந்த நாள்லருந்து 'சித்த வாய மூடுங்க'ன்னு கேட்டேன், மூடல. இப்ப தொறங்கன்னா தொற மாட்டேங்கறீங்க. இந்த ஊடு எனக்கே அடையாளந் தெரியலீங்க. ஒரு பொணத்தப் பத்தியாச்சும் பேசுங்களேன்."

"வார்த்தை குடுத்துட்டேன், வேணி."

"அந்தத் தாள நீங்க கிழிச்சிருக்க மாட்டீங்க. தாளக் கிழிக்கோணும்னா எழுந்திருக்கோணும். நாவலோட உக்காந்தா நீங்க எழுந்திரிச்சே நான் பாத்ததில்ல."

அவருக்காகப் பேசிய ஒரே குரல் அதுதான். ஆறுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். குளிருக்குத்தான் என்றார்.

டீக்கடையும் பட்டுப்போனது. பேசுவதற்குக் கொலை இல்லாததால் எல்லாரும் இலை விலையைப் பேசினார்கள். இலை விலையைப் பேசினால் தொண்டையில் டீ இறங்காது. ஒவ்வொருவராக வீட்டிலேயே குடிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த மாதத்து நாவல் வந்து, பிரிக்காமல், பன் பாட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. பன்னும் அப்படியே கிடந்தது. ஈ ஒன்று இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனது.

ஒரு நாள் மதியம் வாசலை எட்டிப் பார்த்த அம்சவேணி சொன்னாள். "மூணு மப்ளரு வந்து நிக்குதுங்க."

முத்துவேல், தபித்தாள். நடுவில் சுப்பண்ணன். கையில் தூக்குப்போசியும் ஒரு டம்ளரும்.

"எங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தாருன்னே தெரியலீங்கய்யா" என்றான் முத்துவேல். "கடையப் பூட்டிட்டு 'வாங்க, வாங்க'ன்னு இழுத்துட்டு வந்தாரு."

சுப்பண்ணன் டீயை ஆற்றி ஊற்றி ஆறுச்சாமியின் கையில் கொடுத்தார். ஆறுச்சாமி வாங்கிக் குடித்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீ. காலி டம்ளரைத் தரையில் வைத்தார்.

சுப்பண்ணன் போகவில்லை. டம்ளரை எடுத்தார். மேல் துண்டால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"டம்ளருக்குத் திரும்பி வந்துட்டனுங்க" என்றார்.

"உம்."

"கடைசித் தாளும் இல்லாம, கோத்தகிரிக் காப்பியும் என்ற கைக்கு வந்துட்டா, டீயிலதான் வெசம்னு யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சனுங்க. இப்ப டீ குடிக்கவே யாரும் வர்றதில்ல." சாட்சிகள் இருவரையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது நடந்துச்சுங்க. நாவல்ல கொன்னதும் டீ கொண்டு வந்தவன்தான். தாளக் கிழிச்சதும் டீ கொண்டு வந்தவன்தானுங்க."