ரம்பம் தொடாத எண்ணெய்

இந்தோனேசியாவின் போகோர் நகரத்தில் அந்த மாதம் மழையைவிட அதிகமாகப் பேசப்பட்டது மந்திரவாதி அபா வங்சாவின் எண்ணெய்தான். உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேய்த்தால் போதுமாம், ஓடுகிற சங்கிலி ரம்பம்கூடத் தோலைத் தொடாதாம். ஞாயிறுதோறும் சந்தைத் திடலில் தள்ளுமுள்ளு. அபா கறுப்புச் சட்டையும் தலைக்கட்டுமாக வருவார், சாம்பிராணிச் சட்டியை ஊதுவார், ரம்பத்தைக் கிளப்புவார். புகை நடுவே அலறுகிற ரம்பத்தை உள்ளங்கையில் வைத்து ஐந்துவரை எண்ணுவார். கையில் கீறல் இருக்காது. அடுத்த நொடி எண்ணெய்ப் புட்டிகள் பறக்கும்.

வாங்கியவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சாலையோர மரங்களை வெட்டிச் சீர்செய்கிற நாங்கள் பதினோரு பேரும் வாங்கினோம். தினமும் ரம்பம் பிடித்துப் பிழைக்கிற மகா புத்திசாலிகள். நான் இரண்டு புட்டி வாங்கினேன், கைக்கு ஒன்று.

காரணம் கையுறை. ரம்பம் பிடிக்கிறவன் கையுறை போட வேண்டும், அதன் இடது புறங்கையில் சங்கிலியைத் தடுக்கிற கனத்த திண்டு வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்து விதி. மழையில் நனைந்தால் அது செத்த தவளை மாதிரி கையில் ஒட்டும். எண்ணெய் வந்ததும் கழற்றி எறிந்தோம். கண்டிக்க வேண்டிய மேலாளர், எண்ணெய் தேய்த்தவர்களுக்குக் கையுறை கட்டாயமில்லை என்று விதிப் பலகையிலேயே எழுதி ஒட்டினார். அவர் பிடிக்கிற ஒரே ஆயுதம் பேனா, அவருக்கென்ன.

எங்களில் உச்சிக் கிளைவரை ஏறுகிறவன் கொசாசி. திங்கட்கிழமை பெரிய கெனாரி மரத்தில் வெறுங்கையோடு ஏறப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி எனுங் ரம்பம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். விரல் போன ஆட்களின் ரம்பங்களை ரத்தம் துடைத்துச் சரிசெய்தவள். பயந்து கெஞ்சினாள், சண்டை போட்டாள். அபாவை நம்பாதவளோடு பேச்சில்லை என்று அவன் தட்டோடு திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அந்த வாரம் அபாவின் ரம்பம் எனுங் கடைக்கே பழுதுக்கு வந்தது. மூன்றாவது முறை. மூன்று முறையும் கிளட்ச்தான் கருகியிருந்தது. சங்கிலியில் மட்டும் மரத்தூள் துளிகூட இல்லை. எனுங் தனக்குள் சிரித்தாள். புதுக் கிளட்ச் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு, ஞாயிறன்று ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வந்தாள்.

"அபா, உங்க கைய வெட்டாதது எண்ணெயோட மகிமை, சரி. இந்தக் கட்டைக்கு நான் எண்ணெய் தேய்க்கல. இத வெட்டிக் காட்டுங்க."

கூட்டம் அவளைத் திட்டியது. அபா, கட்டைக்குள் ஆவி குடியிருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். மனைவியின் வாயை அடைக்க வேண்டுமென்று கொசாசியே கட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தான். எல்லாக் கண்ணும் அவர் கைமேலேயே இருந்ததால், ரம்பத்தில் எதையும் மாற்ற வழியில்லாமல் அப்படியே அழுத்தினார். ரம்பம் அலறியது, புகைந்தது. கட்டையில் ஒரு கோடுகூட விழவில்லை.

எனுங் சாம்பிராணிச் சட்டியை ஓரமாகத் தள்ளினாள். புகை விலகியதும் எங்கள் பதினோரு முகமும் செத்துப்போனது. கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற பிரேக் போட்டபடியே இருந்தது. பிரேக் போட்டால் இயந்திரம் எவ்வளவு அலறினாலும் சங்கிலி நகராது, கிளட்ச்தான் கருகும். கிளப்பும் முன் பிரேக் போடு என்பது எங்கள் விதிப் புத்தகத்தின் முதல் பக்கம். நாங்கள் தினமும் செய்கிற காரியம். அதையே ஒருவர் சாம்பிராணி போட்டுச் செய்தால் புட்டி வாங்குகிறோம்.

எனுங் பையிலிருந்து கையுறை எடுத்துப் போட்டாள், பிரேக்கை விடுவித்தாள், கட்டையை இரண்டாக்கினாள். இயந்திரத்தை நிறுத்திக் கையுறையை ஒரு துண்டின்மேலும் எண்ணெய்ப் புட்டியை மறு துண்டின்மேலும் வைத்தாள்.

"இப்ப கிளப்பினா சங்கிலி நிஜமா ஓடும். நீங்க ஒரு தடவ வெட்டுங்க. கைக்கு எது வேணும்? புட்டியா, கிளவுஸா?"

அபா ரம்பத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மெல்லக் கை நீட்டிக் கையுறையை எடுத்தார்.

கொசாசி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"குடுங்க அபா. அது என்னோடது. நாளைக்கு மரம் ஏறணும்."

என் இரண்டு புட்டியையும் கதவுக் கீலுக்கு ஊற்றினேன். கீல் இப்போது கத்துவதில்லை. எண்ணெய் என்று சொன்னதில் மட்டும் அபா பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தலைக்கவசம் போடவும் ஒரு விதி உண்டு. உள்ளே இருப்பதைப் பயன்படுத்தச் சொல்லியும் யாராவது விதி எழுதி ஒட்ட வேண்டுமா?