தண்ணீர் குடிக்கும் எஞ்சினுக்கு ஒரு வக்கீல்

வக்கீல்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, கட்சிக்காரர் தேடி வந்தால்தான் வாயைத் திறக்கும். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையை. இதற்குப் படிப்பு வேண்டாம், கோட்டு வேண்டாம். ஏதாவது ஒரு பொருளை ஆசைப்பட்டு வாங்கியிருந்தால் போதும். வாங்கிய மறுநிமிஷமே அந்தப் பொருளுக்கு ஆயுள்கால வக்கீல்.

நீங்கள் இவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும். கேட்டால், "அப்பத்தானே எங்கயும் லேட்டாகாம போகலாம்?" என்பார். மின்விசிறி கடகடக்கும். "இந்தச் சத்தம் இல்லன்னா பிள்ளைங்களுக்குத் தூக்கமே வராது." புதிதாக வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தால், குற்றவாளி நாற்காலி அல்ல, நீங்கள். "எல்லாரும் தப்பாத்தாங்க உக்கார்றோம். இது நம்மளைத் திருத்துது." குடை ஒழுகினால்? காற்றோட்டம்!

ஏன் இப்படி? அந்த நாற்காலிமேல் அவருக்கு அவ்வளவு பாசமா? இல்லவே இல்லை. "நாற்காலி ஆடுதே" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவர் காதில் விழுவது, "உனக்கு மூளை இல்லையே" என்பது. கூண்டில் நிற்பது நாற்காலி அல்ல, அதைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அவருடைய மூளை. அதை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

நாற்காலியோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். எனக்குத் தெரிந்த ஒருவர் லாரி வாங்கிவிட்டார்.

என் பேட்டரிக் கடைக்கு அடுத்தது அவருடைய ஷெட். ஏற்கெனவே ஒரு பழைய லாரி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை விற்றுவிட்டு, எட்டு மாதம் விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்துப் படித்து, மனைவி வேண்டாம் என்று சொல்லி, மெக்கானிக் "புது மாடல், ஒரு வருஷம் போகட்டும்" என்று சொல்லி, நான்கூட வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஏதோ சொல்லி, அத்தனை பேரையும் மீறி அந்தப் புது டீசல் எஞ்சின் லாரியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அன்றிலிருந்து ஷெட்டுக்கு யார் வந்தாலும் தப்ப முடியாது. தபால் கொடுக்க வந்தவரைக்கூடக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கேபினைத் தூக்கி, "இதுல என்ன விசேஷம்னா..." என்று தொடங்குவார். விசேஷம் முடிய முக்கால் மணி நேரமாகும்.

லாரியை ஓட்டுகிறவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. தங்கமான மனுஷர். ஒரு நாளைக்கு எட்டு வார்த்தை பேசினால் அதிகம். அந்த எட்டு வார்த்தையில் சில ஒரு நாள் இப்படி வந்தன.

"அத்தான், எஞ்சின்ல தண்ணி குறையுது."

"எங்க ஒழுகுது?"

"ஒழுகல. குறையுது."

"ஒழுகாம எப்படிப்பா குறையும்? காக்கா வந்து குடிக்குதா?"

மச்சான் லாரிக்கு அடியில் அட்டையை விரித்துக் காட்டினார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சை நிறத் தண்ணீர் இருக்கிற வெள்ளை டப்பாவில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. நம்மவர் அட்டையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாதத்தைத் தொடங்கினார்.

"உழைக்கிறவன் தண்ணி குடிக்க மாட்டானா? நீங்க சொல்லுங்க பேட்டரிக்காரரே!"

அடுத்த வாரம் புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தது. "மத்த வண்டியெல்லாம் கருப்பா விடுது, நம்மது வெள்ளையா விடுது. சுத்தம்னா இதுதான்." அந்தப் புகையில் ஒரு தித்திப்பு வாசனையும் வந்தது. நல்ல டீசல் எஞ்சினில் வரவே கூடாத வாசனை. நம்மவர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "பாருங்க, மணக்குது!" என்றார். நான் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கடைக்காரன், நாளைக்கும் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் வாசகரே, இந்த வகை வக்கீலிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தன் கட்சிக்காரர் நிரபராதி என்று சொன்னால் மட்டும் போதாது, வேறொரு குற்றவாளியையும் பிடித்துக் கொடுத்தாக வேண்டும். அதற்கு வெளியே அலையவும் மாட்டார். வீட்டிலேயே, பக்கத்திலேயே, எதிர்த்துப் பேசாத ஒருவர் கிடைப்பார்.

"மச்சானுக்கு ஓட்டற பழக்கம் சரியில்ல. ஏத்தத்துல கியரைக் குறைக்க மாட்டேங்கிறான். எஞ்சின் பாவம், என்ன பண்ணும்?"

இதை அவர் என்னிடம் சொன்னார். டயர்க் கடையில் சொன்னார். எடை போடுகிற இடத்தில் சொன்னார். எங்கள் தெருவில் பதினோரு லாரி ஷெட்டுகள் இருக்கின்றன. எஞ்சினைக் கெடுக்கிறவன் என்று ஒரு டிரைவருக்குப் பெயர் வந்துவிட்டால், பதினோரு ஷெட்டிலும் அவருக்குச் சாவி கிடைக்காது. இது நம்மவருக்கும் நன்றாகவே தெரியும்.

கடைசியில் அக்காக்காரிதான் பொறுக்கமாட்டாமல் மெக்கானிக்கை வரச் சொன்னார். மெக்கானிக் எஞ்சினுக்குள் பாதி உடம்பை விட்டு அரைமணி நேரம் பார்த்துவிட்டு, வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க ஒரு பெட்டி இருக்கு பாருங்க. வெளிய போற புகைல கொஞ்சத்தைப் பிடிச்சு, ஆற வெச்சு, திரும்ப எஞ்சினுக்கே அனுப்பறது. ஆற வைக்கறதுக்காக உள்ள தண்ணிக் குழாய் ஓடுது. சூடு ஏறினா அந்தக் குழாய் நீளும். நீள இடம் வேணும்ல? ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டி வெச்சிருக்கான். அதான் உள்ளுக்குள்ளயே கீறல் விடுது. தண்ணி வெளிய வராது, எஞ்சினுக்குள்ள போய் ஆவியாயிடும்."

"அப்ப நம்ம மச்சான் ஓட்டறது...?"

"அவர் ஓட்டறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. கோளாறு உங்க வண்டியில வந்தது இல்ல, கம்பெனி போட்ட வரைபடத்துலயே வந்தது. இந்த மாடல் எல்லாத்துலயும் இருக்கு. நான் நாலு பார்த்துட்டேன்."

நம்மவர் உடனே கம்பெனிக்குத் தொலைபேசினார். அங்கே இருந்தது அவருடைய இனம்தான், சம்பளம் வாங்குகிற கிளை. "இதுவரைக்கும் யாருமே இப்படிச் சொன்னதில்லையே சார்" என்றது.

"கேட்டீங்களா?" என்றார் நம்மவர், வழக்கில் ஜெயித்த முகத்தோடு.

"அந்த நாலு பேர்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க" என்றார் மெக்கானிக். "சரி, ஒண்ணு பண்ணலாம். டப்பாவுல கோடு போட்டிருக்கேன். பத்து நாள், தினம் காலைல வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி மட்டத்தைப் பார்த்து எழுதுங்க. குறைஞ்சா கணக்கோட எழுதிக் கேப்போம், அவங்க பெட்டியை மாத்தித்தான் ஆகணும். விளையாட்டா இருக்காதீங்க. தண்ணி சிலிண்டர்ல தேங்கினா ஒரு நாள் பிஸ்டன் ராடு வளைஞ்சு எஞ்சின் நின்னுடும். மலை இறக்கத்துல நின்னா ஸ்டீயரிங் இறுகிடும்."

சுவரில் ஆணி அடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டார்கள். தினமும் ஆறு மணிக்கு மச்சான் வந்து, டப்பாவைப் பார்த்து எழுதினார். முதல் நாள், கோட்டில் இருக்கிறது. இரண்டாம் நாள், கோட்டில் இருக்கிறது. மூன்றாம் நாளும். மச்சான் டப்பாவைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். தண்ணீர் அசையாமல் கோட்டிலேயே நின்றது. ஏழாம் நாள் என் கடைப் படியில் வந்து உட்கார்ந்து, "எனக்கே சந்தேகமா இருக்குண்ணே. பழக்கம் நம்மளதுதான் சரியில்லையோ?" என்றார். நாளைக்கு எட்டு வார்த்தை பேசுகிறவர், அன்றைய பங்கில் முக்காலை இதற்கே செலவழித்துவிட்டார். நான் பேட்டரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் நம்மவர் சபையைக் கூட்டினார். மெக்கானிக், நான், மனைவி, மச்சான். நோட்டை எடுத்து, ஒவ்வொரு நாளையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பத்து தடவை "கோட்டில் இருக்கிறது." பிறகு நோட்டை மூடினார்.

"ரெண்டு மாசமா குறையுது குறையுதுன்னு ஒருத்தன் என் வண்டி மேல பழி போட்டிருக்கான். எழுதச் சொன்னதும் குறையறது நின்னு போச்சு. இதுக்கு என்ன அர்த்தம்? உறவு வேற, தொழில் வேற. சாவியை வெச்சிட்டுப் போப்பா."

மச்சான் வெளுத்துப்போனார். "அத்தான், நான் பொய் சொல்லல" என்றார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அப்போது அக்காக்காரி கேட்டார், சாதாரணமாக, மளிகைச் சாமான் விசாரிப்பதுபோல.

"ஏங்க, பத்து நாளா காலைல அஞ்சு மணிக்கு வாக்கிங் போறீங்களே. எந்தப் பக்கம் போறீங்க?"

"அது... இப்படிச் சும்மாதான். ஏன்?"

"வாக்கிங் போறவங்க கையில எதுக்கு அஞ்சு லிட்டர் கேன்? வாக்கிங் போனா செருப்புல மண்ணு ஒட்டும். உங்க சட்டையில பச்சைக் கறை ஒட்டுது. பத்து நாளா தேய்க்கறேன், போக மாட்டேங்குது."

நம்மவர் முகத்தில் அசடு வழிந்தது. வழிந்ததைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார், அதிலும் பச்சை.

நடந்தது இதுதான். முதல் நாள் காலை, யாரும் வருவதற்கு முன்னால், சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று போயிருக்கிறார். மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்திருக்கிறது. எட்டு மாதம் படித்துத் தேர்ந்தெடுத்த மூளை அதைப் பார்த்ததும் பதறிப் போயிருக்கிறது. கேனை எடுத்துக் கோடு வரைக்கும் ஊற்றிவிட்டார். ஒரு நாள் ஊற்றினால் மறுநாளும் ஊற்றித்தானே ஆக வேண்டும்?

"ஊத்தினேன், இல்லங்கல" என்றார் நம்மவர். "ஆனா குறையுதுன்னு ஊத்தல. குறைஞ்சா உன் தம்பி பயந்துடுவானேன்னு ஊத்தினேன்."

அப்பப்பா! இந்த நிலையிலும் வாதம்!

எனக்கு வந்த கோபத்தில் நான் கத்தியிருப்பேன், மெக்கானிக் முந்திக்கொண்டார். "தண்ணி தேங்கின எஞ்சினை இந்த மனுஷன் தினமும் மலைப்பாதைல இறக்கிட்டு வந்திருக்கார். எச்சரிக்கை பண்ண வேண்டிய டப்பாவை நீங்க ரொப்பி வெச்சிருக்கீங்க. ஒரு நாள் இறக்கத்துல நின்னிருந்தா உங்க வீட்டம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

நம்மவருக்கு வாதம் தீர்ந்துபோனது. மனைவி முகத்தைப் பார்த்தார், பார்க்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு ஊத்தினீங்க? தோராயமாச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக், நோட்டைப் பிரித்துக்கொண்டு.

"தோராயமாவா?" நம்மவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "முத நாள் ஒண்ணேகால் லிட்டர். ரெண்டாம் நாள் ஒண்ணரை. மூணாம் நாள் ஒண்ணரைக்குக் கொஞ்சம் மேல..." பத்து நாளும் மில்லி பிசகாமல் மனசில் வைத்திருந்தார்! மெக்கானிக் எழுதிக்கொண்டே போனார். இதைவிடத் துல்லியமான சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. எதிர்க்கட்சிக்குச் சாட்சி, நம் வக்கீலே.

பெட்டியைக் கழற்றினார்கள். உள்ளே தலைமுடி கனத்துக்கு மூன்று கீறல்கள். அந்தப் பத்து நாள் கணக்கை அனுப்பியதும் கம்பெனி மூச்சுக் காட்டாமல் புதுப் பெட்டி அனுப்பியது. புதுப் பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் இறுக்கம், மறுபக்கம் நீள்வதற்கு இடம். இதுவரைக்கும் யாருமே சொல்லாத கோளாறை எப்படித்தான் திருத்தினார்களோ!

சாவி மட்டும் இன்னும் மேஜைமேல் கிடந்தது. "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் மனைவி. நம்மவர் தொண்டையைச் செருமினார், கூரையைப் பார்த்தார், சாவியை எடுத்து மச்சான் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "உன்னை மாதிரி ஒருத்தன் ஓட்டினதாலதான் இந்த எஞ்சின் இவ்வளவு நாள் தாங்குச்சு" என்றார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லைதான். ஆனால் அன்று சாயங்காலமே டயர்க் கடைக்குப் போய்ச் சொன்னார், எடை போடுகிற இடத்தில் சொன்னார், பதினோரு ஷெட்டிலும் ஏறி இறங்கி, தப்பு தன்னுடையது என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். சும்மா சொல்லக் கூடாது, அதற்கு நெஞ்சு வேண்டும்.

ரொம்ப நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். அத்தான் முகம், மேலதிகாரி முகம், மாடிவீட்டுக்காரர் முகம். உங்கள் முகம் வரவில்லை, அல்லவா? எனக்கும் வராது, யாருக்கும் வராது. போகட்டும், நீங்கள் லாரி வாங்கியிருக்க மாட்டீர்கள். ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், ஒரு வீட்டை, ஒரு பள்ளிக்கூடத்தை, மகளுக்கு ஒரு மாப்பிள்ளையை, எட்டு மாதம் பார்த்துப் பார்த்து, நாலு பேர் சொன்னதையும் மீறி. உங்கள் வீட்டிலும் நாளைக்கு எட்டு வார்த்தை பேசுகிற ஒருவர் இருப்பார். கொஞ்ச நாள் முன்னால் அவர் உங்களிடம் வந்து ஏதோ குறைகிறது என்று சொன்னார். இப்போது சொல்வதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?